குண்டுப் படங்களும் ஒரேயொரு மைக்கும்

உலகத்திலேயே மிகச் சோகமான படங்கள் ஓடிய அறையில்தான் எனக்குக் காதல் வந்தது. "உனக்கு வேற படமே கிடைக்கேல்லையோடி?" என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். கிடைக்கவில்லை, நான் என்ன செய்ய! அணுகுண்டு விழுந்து ஊர் அழிந்தபிறகு மிச்சமிருந்த சனம் எப்படிச் சமைத்தது, எப்படி வேலைக்குப் போனது, எப்படி ஒவ்வொருவராய்ச் செத்துப்போனது என்று காட்டும் பழைய ஜப்பானியப் படங்கள் அவை. போன விண்ரர் முழுக்க, பனி கொட்டின ஞாயிறு மத்தியானங்களில் அவற்றைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த காலம் வேறு இல்லை. வாயால் சொன்னால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கனடாவில், மல்வேர்னில் நானும் அக்கா குடும்பமும் இருக்கும் கட்டடத்தின் கீழே ஒரு பார்ட்டி ரூம் இருக்கிறது. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாம் அங்கேதான். எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் அங்கிள் ஒருவருக்குப் பழைய ஜப்பானியப் படம் என்றால் உயிர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அந்த அறையைப் பிடித்து, திரை கட்டி, கட்டடத்துச் சனத்துக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த விண்ரருக்கு அவர் தெரிந்தெடுத்தது குண்டுக்குப் பிந்திய படங்கள். "போர் முடிஞ்ச கையோட அங்க ஆண்டது அமெரிக்க ஆமி. குண்டைப் பற்றி வாய் திறக்க லேசில விடேல்லை. அவை போனாப்பிறகுதான் இந்தப் படங்கள் வரத் தொடங்கினது. எங்கட சனம் பாக்கவேண்டிய படம் இதுதான்" என்று ஒரு சின்ன உரையும் ஆற்றினார். சனம் மீன் ரோல்ஸைக் கடித்தபடி தலையாட்டியது.

முதல் படத்திலேயே சிக்கல். படத்தின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளைப் பாதிப்பேரால் வாசிக்க முடியவில்லை. முன்வரிசையில் எப்போதும் நடுக் கதிரையில் குந்தியிருக்கும் அன்ரி ஒருவர் எழும்பி நின்று அங்கிளைப் பிடித்தார். "உந்த எழுத்தை நான் வாசிச்சு முடிக்கமுன்னம் அந்த மனிசன் செத்துப்போறான். பிறகென்னத்துக்குப் படம்?" நியாயமான கேள்விதான். அங்கிள் யோசித்தார். அடுத்த ஞாயிறு ஒரு மைக்கோடு வந்தார். ஆங்கிலத்தில் ஓடுவதை உடனுக்குடன் தமிழில் சொல்ல ஓர் ஆண்குரலும் ஒரு பெண்குரலும் வேண்டுமாம்.

பெண்குரல் நான். பல் வைத்தியரின் கிளினிக்கில் நாள் முழுக்க ரெலிபோனில் கத்துகிறவள் என்பதால் என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆண்குரலுக்கு ஒருவரும் முன்வரவில்லை. எங்கள் அண்ணைமார் சபையில் பேசு என்றால் மணிக்கணக்காகப் பேசுவார்கள், அழு என்றால் மாட்டார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும்பியது. "நான் வேணா ட்ரை பண்ணட்டுமா?"

மதுரைப் பக்கத்து ஆள். கணினி வேலை. விட்பியில் இருக்கிறார். மல்வேர்னுக்குக் கொத்துரொட்டி வாங்க வந்த இடத்தில், கடைக் கண்ணாடியில் அங்கிள் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துவிட்டு, ரொட்டிப் பொதியோடேயே வந்து உட்கார்ந்திருந்தார். அன்ரிமார் அன்றைக்கே அவருக்கு விட்பித்தம்பி என்று பேர் வைத்துவிட்டார்கள். நாற்பதைத் தொட்ட மனிசனுக்குத் தம்பிப் பட்டம்! கல்யாணம் ஆகவில்லை என்பதையும் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் விசாரித்து அறிந்துகொண்டார்கள்.

மைக் ஒன்றுதான். கதாநாயகி பேசினால் என் கையில், கதாநாயகன் பேசினால் அவர் கையில். இருவரும் மாறிமாறிச் சட்டென்று பேசும் இடங்களில் அது பறந்தது. முதல் நாள் மைக்கை மட்டும்தான் பிடுங்கினோம். மூன்றாம் படத்துக்குள் விரலும் சேர்ந்து வந்தது. அது தற்செயல் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கு நான் சொல்லும் பொய்களை நான் ஒருநாளும் நம்புவதில்லை.

அவர் பேசினால் படத்தில் எல்லா ஆண்களும் மதுரைக்காரர் ஆனார்கள். நான் பேசினால் பெண்கள் எல்லாரும் யாழ்ப்பாணம். மனைவி "என்னப்பா, சாப்பிடேல்லையோ?" என்று கேட்பாள், புருசன் "பசிக்கலம்மா" என்பான். முன்வரிசை அன்ரி திரும்பி, "உந்தப் பெடியன் இந்தியாப் பக்கமோ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி, ஜப்பான்." "பிள்ளையைக் குடுக்கேக்க நல்லா விசாரிச்சிருக்க வேணும்" என்றார் அவர்.

ஒரு படத்தில் சாகக் கிடக்கும் தங்கையின் பக்கத்தில் அக்காக்காரி இருந்து அழுகிறாள். பயங்கரமான காட்சி. தமையன் குனிந்து ஏதோ சொல்ல வேண்டும். விட்பிக்காரர் உணர்ச்சிவசப்பட்டு, "ஏ புள்ள, அழுவாத புள்ள" என்று ஒரு கிராமத்துக் குரல் கொடுத்தாரே பார்க்கலாம்! எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாத சனியன் நான். மைக்கோ அதற்குள் என் கைக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்தேன், தொடையைக் கிள்ளினேன், ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு விக்கி, மூக்கால் ஒரு சத்தம் வந்து, தோள் இரண்டும் குலுங்கின. விளக்கு அணைந்த அறையில் அது அப்படியே தேம்பலாகக் கேட்டிருக்கிறது. அன்ரிமார் எல்லாரும் விம்மத் தொடங்கிவிட்டார்கள். படம் முடிந்தபோது ஒருவர் என் கன்னத்தைத் தடவி, "என்னமா அழுதாய் பிள்ளை! உனக்கு இளகின மனசு" என்றார். விட்பிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கொண்டிருந்தார். அவருடைய தோளும் குலுங்கியது.

படங்களை நான் கேலி செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்தப் படங்களில் குண்டு விழுவதை அனேகமாகக் காட்டவேமாட்டார்கள். ஒரு பெண் தலை வாருவாள், சீப்பில் கொத்தாக வந்த மயிரைப் பார்ப்பாள், சீப்பைக் கழுவி வைத்துவிட்டு அரிசி களைவாள். அவ்வளவுதான். ஒரு வேலைக்காரன் தன் கையில் கன்றிப்போன ஒரு சின்ன ஊதாக் கண்டலைக் கண்டு சட்டையை இழுத்து மூடுவான். ஊரில் புதுக் கட்டடம் எழும்பும், பஸ் ஓடும், பிள்ளைகள் பந்து விளையாடும். ஆனால் கல்யாணப் பேச்சு வந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: குண்டு விழுந்த அன்றைக்குக் காலையில் அந்தப் பெண் எங்கே நின்றவள்? கேட்டவர்கள் பதிலைக் கேட்டதும் மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள். திரும்பி வரமாட்டார்கள். அந்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வந்ததேயில்லை.

ஏனென்றால் அந்த வணக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கடைசிச் சண்டையில் நான் வன்னியில் நின்றவள். செல் விழுந்து அடிவயிற்றிலும் இடுப்பிலும் காயம். கொஞ்ச இரும்பை எடுத்தார்கள், மிச்சம் இன்னும் உள்ளே இருக்கிறது. எடுத்தவர்களே பிள்ளை பெற முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். கனடாவுக்கு வந்தபிறகு அக்கா எனக்குப் பல இடத்தில் கலியாணம் பேசினாள். எங்கள் ஆட்களுக்கு விசாரிப்பது கைவந்த கலை. ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் லண்டனுக்குப் போன் எடுப்பார்கள், லண்டன் பாரிஸுக்கு எடுக்கும், பாரிஸில் என்னோடு ஒரே ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருத்தியின் மாமி இருப்பாள். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது. ஒருவரும் ஒன்றும் தப்பாகச் சொன்னதில்லை. கோயிலில் கண்டால் முன்னையைவிட அன்பாகச் சிரிப்பார்கள், அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, பார்க்கிங்கில் என் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த ஐஸை விட்பிக்காரர் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சுரண்டினார். சுரண்டிக்கொண்டே சொன்னார். "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

எனக்குக் காது சுட்டது. அந்தக் குளிரில்! ஓம் என்று கத்தவேண்டும் போலவும் இருந்தது, பனிக்குள் விழுந்து உருளவேண்டும் போலவும் இருந்தது. நான் செய்தது என்ன தெரியுமா? "படம் தொடங்கப் போகுது" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தேன். படம் முடிந்து, அவர் வீட்டுக்கும் நான் கடைக்கும் போகத்தான் பார்க்கிங்குக்கு வந்திருந்தோம் என்பது லிஃப்ட்டுக்குள் ஏறினபிறகுதான் உறைத்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், துள்ளினாள், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். "ஐயோ, இந்தியாக்காரர்! என்னெண்டு விசாரிக்கிறது?" ஊரும் தெரியாது, ஆருடைய மகன் என்றும் தெரியாது. எங்கள் பரம்பரையில் இந்தியாவில் தெரிந்த ஒரே ஆள், அக்கா முன்பு கோயில் கோயிலாகப் போனபோது தங்கின லொட்ஜின் மனேச்சர். அக்கா அவருக்கும் போன் எடுத்துப் பார்த்தாள். அந்த மனிசன் இவள் அறை புக் பண்ணுகிறாள் என்று நினைத்து, ஏசி வேணுமா என்று கேட்டிருக்கிறார்.

சிரித்துக் களைத்தபிறகு அக்கா மெதுவாக ஒன்று சொன்னாள். "எங்களுக்கு அவரை விசாரிக்க ஏலாது. அவராலயும் எங்களை விசாரிக்க ஏலாது. விளங்குதோ? நீ ஒண்டும் சொல்லாத. முதலில கலியாணம் முடியட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் இடித்து வைத்தேன். ஆனால் அவள் சொன்னது முழு உண்மை. இவ்வளவு காலத்தில் என்னைப் பற்றித் தானாக அறிந்துகொள்ள வழியில்லாத ஒரே மனிசன் அவர்தான். தெரிந்தால் அது என் வாயால்தான். தெரிந்தபிறகு அவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால்? மற்றவர்கள் போனபோது வந்தது கோபம் மட்டும். இவர் போனால் நான் தாங்கமாட்டேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சொல்லத்தான் பார்த்தேன். தேத்தண்ணி வேளையில் வாயைத் திறந்தேன், வந்தது காருக்குப் போடும் விண்ரர் ரயரைப் பற்றிய கதை. போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், எங்கள் கிளினிக்கில் பல்லுக் கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று விளக்கிவிட்டு வைத்தேன். அவர் பாவம், "உங்க பதிலுக்கு அவசரமில்லங்க, கடைசிப் படத்துக்குள்ள சொன்னாப் போதும்" என்றார். அதுவும் ஒரு கெடுவாகிவிட்டது.

கடைசிப் படம் ஒரு பொதுக் குளிப்பறையைப் பற்றியது. குண்டு விழுந்த ஊரைத் திரும்பக் கட்டுகிறார்கள். அங்கே வெந்நீர்க் குளிப்பறை ஒன்றின் வாசலில் ஒரு பெண் இருந்து வருகிறவர்களுக்குத் துவாய் கொடுக்கிறாள். ஊரே வந்து குளிக்கிறது. "எல்லாரும் ஒண்டாகவோ குளிக்கினம்? வெக்கங்கெட்ட சனம்" என்று முன்வரிசை அன்ரி முகத்தைத் திருப்பினார், பிறகு நன்றாகவே பார்த்தார். அந்தப் பெண் மட்டும் அங்கே குளிப்பதில்லை. அவள் முதுகு முழுக்கத் தழும்பு. கொதிகலனுக்கு விறகு கொண்டுவரும் ஒருவன் அவளைக் கல்யாணம் செய்யக் கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல் நாளைத் தள்ளுகிறாள். படம் பாதி போகுமுன்னமே எனக்குக் கை நனைந்து மைக் வழுக்கத் தொடங்கிவிட்டது. அங்கிள் வேண்டுமென்றே இந்தப் படத்தைக் கடைசிக்கு வைத்தாரோ என்று அவர்மேல் எரிச்சலாகவும் வந்தது.

முடிவு நெருங்கியது. பூட்டின குளிப்பறை. கொதிகலன் பக்கத்தில் அவனும் அவளும் மட்டும். அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பேச வாயைத் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்து எழுத்துகள் காணாமல் போய்விட்டன!

அங்கிள் கம்பியூட்டரைத் தட்டினார், குத்தினார், "கோதாரி" என்றார். "நிப்பாட்டாதேங்கோ! அவள் சொல்லப்போறாள்!" என்று முன்வரிசை அன்ரி கத்தினார். திரையில் அந்தப் பெண் ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டேயிருக்கிறாள். எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். மைக் என் கையில்.

பொதுவாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "நான் உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்" என்றேன். அதுவரை படம்தான். "சொல்லப் பயந்துதான் இவ்வளவு நாளும் கண்டது கடியது எல்லாம் கதைச்சனான். எனக்கு வயித்துக்குள்ள இரும்பு கிடக்கு. குண்டு வெடிச்சு ஏறினது. குளிருக்கு நோகும். என்னால பிள்ளை பெற ஏலாது. கேட்ட ஆக்கள் எல்லாரும் மரியாதையாப் போயிட்டினம். நீங்களும் போறதெண்டால் போங்கோ. ஆனால் சிரிச்சுக்கொண்டு போகாதேங்கோ, அதை மட்டும் எனக்குத் தாங்க ஏலாது."

"அவள் வாயை மூடிட்டாள், குரல் இன்னும் வருது" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "உஸ்!" என்றார் அன்ரி.

நான் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. திரையில் விறகுக்காரன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டான். குந்தியிருந்து, அடுப்புக்குள் ஒவ்வொரு விறகாக வைத்துக்கொண்டிருந்தான். அவன் வாய் அசையவேயில்லை. ஆண்குரலுக்கு அங்கே வேலை இல்லை. அப்போது மைக் என் விரல்களிலிருந்து மெதுவாகக் கழன்றது.

"போறதுக்கு நான் வரல" என்றார் அவர் மைக்கில். "உங்களுக்கு வலிச்சிருக்கு. அதைப் பரவால்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. புள்ள விசயம் நாம பேசுவோம், நானும் யோசிக்கணும், மறைக்க மாட்டேன். ஆனா கேட்டது கேட்டதுதான். மாத்திக் கேக்க மாட்டேன்."

"அவன் வாயே திறக்கேல்லையே?" என்றது ஒரு குரல். "மனசுக்குள்ள கதைக்கிறான். நல்ல பெடியன்" என்று அன்ரி தீர்ப்புச் சொன்னார்.

அங்கிள் எங்கேயோ ஓர் இடத்தில் குத்த, எழுத்துகள் திரும்பி வந்தன. திரையில் அவள் அவனைத் திரும்பிப் பார்த்து ஒரேயொரு வரி சொன்னாள். அடியில் ஆங்கிலம் பளிச்சென்று நின்றது. இனி இங்கே வராதீர்கள், என்கிறாள் அவள். அவ்வளவுதான் அந்தப் படம். செத்துப்போவேன் என்ற பயத்தில் அவனை அனுப்பிவிடுகிறாள். மைக் என்னிடம் வந்தது. அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவர் அந்த வரியை வாசித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. என்னைவிட வேகமாக ஆங்கிலம் வாசிக்கிற மனிசன்.

"ஓம்" என்றேன் நான் மைக்கில். போதாது போலிருந்தது. "ஓம், ஓம், எனக்கு விருப்பம்!"

அறை கைதட்டியது. விசில்கூட யாரோ அடித்தார்கள், கட்டாயம் அது அக்காதான். திரையில் அந்தப் பெண்ணோ கதவைத் திறந்து, வெறுந்தெருவில் தனியாக நடக்கத் தொடங்கியிருந்தாள். அன்ரி குழம்பிப்போனார். "ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஏன் அந்தப் பிள்ளை போகுது?" விட்பிக்காரர் என் கையிலிருந்த மைக்குக்குக் குனிந்து, "வெக்கப்பட்டுக்கிட்டுப் போறாங்க" என்றார். நான் சிரித்தேன், அந்தத் தெருவைப் பார்த்து அழுகையும் வந்தது. அவளுக்கு ஒருவரும் இப்படிச் சொல்ல விடவில்லையே என்று நெஞ்சு நொந்தது. அவர் கையை நான் விடவில்லை.

விளக்குப் போட்டபிறகு அங்கிளிடம் போனேன். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். படத்தைக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கோ என்று சொல்லத் தொடங்கினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற ஆளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் படத்தை நான் பெடியனாய் இருந்த காலம் தொட்டுப் பாக்கிறன் பிள்ளை" என்றார். "ஒவ்வொரு தரமும், இந்த முறையாவது அவள் ஓம் எண்டு சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். இண்டைக்குத்தான் சொன்னவள்."